வண்ண அட்டையைக் கொஞ்சம் மூடி வையுங்கள்: மினியேச்சர் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் புதுச்சேரியில் நீங்கள் நடுவர்களாக இருந்த போட்டிக்கு, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து, நானே வண்ணம் தீட்டிய பன்னிரண்டு குட்டிச் சிப்பாய்ப் பொம்மைகளை டிபன் பாக்ஸில் ஸ்பாஞ்சு வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தவன் நான். இந்தோசீனப் போரில் (வியட்நாம் பக்கம் நடந்தது) சண்டையிட்ட பிரெஞ்சு பாராசூட் படை, 1/72 அளவு, அதாவது நிஜ ஆளில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. நினைவிருக்கலாம். ‘நிறம் பொருந்தவில்லை, கோடுகள் பெரிது, மேலே வெள்ளை படிந்திருக்கிறது’ என்று மூன்று குறை எழுதித் தந்தீர்கள்.

மூன்றாவது குறையை ஒப்புக்கொள்கிறேன். அடைமழை நாளில் மொட்டைமாடிக் கதவருகே நின்று மேட் வார்னிஷ் (வண்ணத்தைக் காக்கும் பளபளப்பில்லாத மேல்பூச்சு) ஸ்பிரே செய்தது என் அவசரம். ஈரக் காற்றில் அது வெளுத்துப் பூத்துவிடும் என்று தெரிந்தே செய்தேன். தேவனாம்பட்டினம் கடற்காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. மற்ற இரண்டு குறைகளைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் நிறம். கையில் வண்ண அட்டையை, அதாவது ‘சரியான’ நிறங்களின் மாதிரி அச்சடித்த அட்டையை, வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொம்மைக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். எனக்கு அடுத்து ஜெர்மன் டாங்கி வைத்திருந்த பையனுக்கும் அதே சோதனைதான். பாவம், முகம் சுண்டிப்போனான். அவன் டாங்கியின் கதையைப் பாருங்கள். 1943 பிப்ரவரிக்குப் பிறகு ஜெர்மன் வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து அடர்மஞ்சள் பூச்சோடு வந்தன. பச்சையும் செம்பழுப்பும் டப்பாவில் குழம்பாகப் போய்ச் சேரும். களத்தில் இருந்தவர்களே அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து, ஸ்பிரே கன் கிடைத்தால் அதில், இல்லாவிட்டால் பிரஷ்ஷில் பூசிக்கொண்டார்கள். தண்ணீர் கூடினால் ஒரு நிறம், குறைந்தால் வேறு நிறம். அப்புறம் வெயில், சேறு, புகை. இதில் எந்த நாளின் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவது?

என் சிப்பாய்களின் உடையும் அப்படித்தான். ‘பல்லி’ வடிவம் என்று நாம் சொல்கிற அந்தத் துணியில், வெளிர் காக்கிமேல் பச்சையும் பழுப்பும் தூரிகையால் இழுத்ததுபோல் கோடுகளாக ஓடும். பல ஆலைகளில் அச்சானதால் சாயம் ஒன்றுபோல் இருக்கவில்லை. எங்கள் உறவில் ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) தாத்தா இருந்தார். இந்தோசீனா போய் வந்தவர், பிரெஞ்சுப் பென்ஷன்காரர். சின்ன வயதில் நான் கேட்டபோது, “பாரா பசங்க சட்டை ரெண்டு ஒண்ணா இருந்து நான் பார்த்ததில்ல தம்பி, நாலு தரம் துவைச்சா பச்சையே ஓடிப்போயிடும்” என்றார். பன்னிரண்டு பேருக்கும் நான் பச்சையை வேறு வேறாகக் கலந்தது அவர் சொன்னதை வைத்துத்தான். உங்கள் தாளில் அது ‘ஒருமை இல்லை’ என்று பதிவாகியிருக்கிறது.

அடுத்தது கோடு. நிஜத் துணியில் விரல் அகலமுள்ள கோட்டை 72-ஆல் வகுத்தால் கால் மில்லிமீட்டர்தான் வரும். லென்ஸ் மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து அப்படியும் வரைந்து பார்த்தேன். கையில் வைத்துப் பார்க்க அழகு. மேசையில் வைத்து இரண்டடி தள்ளி நின்றால் எல்லாம் கலந்து சாணிப் பச்சையாகிவிட்டது. இரண்டடி என்பது அந்தச் சிப்பாயின் உலகத்தில் 144 அடி. அந்தத் தூரத்தில் உருவம் கலைய வேண்டும் என்பதுதான் கேமோவின் (உருமறைப்பு நிறங்களின்) நோக்கமே. ஆனால் இந்தப் பொம்மைகளை வைத்து மேசையில் போர் விளையாட்டு ஆடுகிறவருக்குத் தன் படை எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமே! அதனால் கோட்டை அகலமாக்கி, எண்ணிக்கையைக் குறைத்து, அடி நிறத்தை ஒரு படி வெளிறச் செய்தேன். கேப்பர் மலைச் செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்துப் பொம்மை நிற்கும் அடித்தட்டில் ஒட்டியதும் பச்சையை எடுத்துக்காட்டத்தான். (அது ஒன்றை மட்டும் பாராட்டியிருந்தீர்கள், நன்றி.)

பிரெஞ்சுப் படை 1915-இல் உருமறைப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது ஓவியர்களைத்தான் அழைத்தது. கண்ணால் பார்த்து முடிவு செய்கிற வேலை அது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பொம்மையைக் கையில் எடுக்கும் முன் இரண்டடி தள்ளி நின்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள். இந்த நிறத்தை ஏன் எடுத்தாய் என்று தீட்டியவரிடம் ஒரு நிமிடம் கேளுங்கள். அதற்குப் பிறகும் அட்டை வேண்டுமென்றால் சரி, வைத்துப் பாருங்கள். அந்தப் பையனும் மறுபடி வர வேண்டும். அவன் தீட்டிய பச்சை விளிம்புகள் என்னுடையதைவிட நன்றாக இருந்தன.

நானும் அதே பன்னிரண்டு பேரோடு வருவேன். வார்னிஷை மட்டும் சுரண்டிவிட்டு, வெயில் நாள் பார்த்து மறுபடி அடித்திருப்பேன்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்துப் பொம்மைக்காரன்