இத்தாலி, பலெர்மோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் நான் கதைப்பது உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று தங்கச்சி சொன்னாள். அதுதான் எழுதுகிறேன், எழுத்தைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பனி கொட்டாது, ஆனால் சுவரெல்லாம் ஈரம். சாப்பாட்டுக்குக் குறையில்லை. பலாரோச் சந்தைப் பக்கம் எங்கள் ஆட்களின் கடையில் வெண்டிக்காய் வாங்கலாம். அவசரத்துக்குப் பனெல்லே இருக்கிறது. கடலை மாவைப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள், வயிறு நிறையும்.

அங்கே என்ன பாட்டுக் கேட்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். மேல்வீட்டு அம்மா, சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம், அவர் கேட்பதைத்தான் நானும் கேட்கிறேன். படி இறங்க முடியாது அவருக்கு. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். பாணையும் மருந்தையும் வைத்தால் மெல்ல இழுத்து எடுப்பார். பின்னேரமானால் ஜன்னலைத் திறந்துவிட்டு இத்தாலியப் பாடகி மினாவின் இசைத்தட்டைப் போடுவார்.

மினா கிரெமோனாவில் வளர்ந்தவர். 1958இல், 18 வயதில், டஸ்கனிக் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் மேடையேறிப் பாடினார். அதோடு நாடே அவர் பின்னால் போனது. 1963இல் ஒரு நடிகருக்குப் பிள்ளை பெற்றார். நடிகர் ஏற்கெனவே கல்யாணமானவர். மணவிலக்குச் சட்டமே அப்போது இங்கே இல்லை. அரசாங்கத் தொலைக்காட்சி மினாவை ஒதுக்கி வைத்தது. பிள்ளை பெற்றதற்காக ஒருத்தியின் பாட்டை அடைப்பது என்ன நியாயம்? சனம் விடவில்லை, அடுத்த வருடமே திரும்பக் கூப்பிட்டார்கள்.

அப்புறம் 1978 ஆகஸ்டில், அதே கரையோரம் கடைசியாகப் பாடிவிட்டு மேடையை விட்டார். சின்னராசா சித்தப்பா இருக்கிற சுவிஸில்தான், லுகானோவில், குடியிருக்கிறார். இசைத்தட்டுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. ஆளைக் காணாமலே இத்தனை வருடம் சனம் அந்தக் குரலை வீட்டுக்குள் வைத்திருக்கிறது.

மினா 1960இல் பாடிய ஒரு பாட்டு உண்டு, ஜீனோ பாவோலி எழுதியது. அறையின் சுவர்கள் போய் மரங்கள் நிற்கும் என்று வரும். அதைக் கேட்டால் எங்கள் கிணற்றடி மாமரம்தான் வருகிறது, அப்பா. நீங்கள் றேடியோவைக் காதோடு வைத்து சுசீலா பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்காது.

சரி, அது இருக்கட்டும். இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும், யோசிக்க வேண்டாம். சீட்டுக் காசைப் பெரியம்மாவிடம் மாறிக் கட்டச் சொல்லுங்கள், நான் அனுப்பிவிடுவேன். தங்கச்சிக்கு வந்த கொக்குவில் சம்பந்தத்தை அவளிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். மேற்கு வேலிக்குக் கதியால் போடும்போது மாமா பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் போன முறை மாதிரி எல்லைச் சண்டை வரும். கண் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்ததும் உடனே அறிவியுங்கள். அதற்குக் காசு பிந்தாது.

அன்பு மகன்
ரவி