அது ரப்பர்தான், ராசா

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்லுவார், சொல்ல வந்ததைச் சொல்லவே முடியாது, அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். இங்கே எல்லாரும் நல்லா இருக்கிறோம். மதுரையில் இந்த வருஷம் மார்கழிக் குளிர் கொஞ்சம் அதிகம்தான், என் முட்டியைக் கேட்டால் இன்னும் கூட்டிச் சொல்லும். டப்ளின் குளிரில் இருக்கிற உன்னிடம் இதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் லீவில் ஒரு சினிமாவுக்குப் போனேன். எந்தப் படம் என்று போனில் சொல்லியிருந்தால் நீ கட் பண்ணியிருப்பாய். அனகோண்டா.

பழசு இல்லை, புதுசு. 2025 கிறிஸ்துமஸுக்கு வந்தது. கூட வேலை பார்த்த கணக்கு டீச்சரும் தமிழ் டீச்சரும் வந்தார்கள், மூன்று பேரும் ரிட்டயர்டு, மூன்று பேருக்கும் முட்டி வலி, மாலில் மூன்றாவது மாடி. பாப்கார்ன் விலையைப் பார்த்துவிட்டு கணக்கு டீச்சர் அங்கேயே நின்று மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார், ஒரு பொரிக்கு எவ்வளவு விழுகிறது என்று. அவரை இழுத்துக்கொண்டு உள்ளே போவதற்குள் படம் ஆரம்பித்துவிட்டது.

கதை என்னவென்றால், நடுவயசைத் தாண்டிக்கொண்டிருக்கிற சில நண்பர்கள், வாழ்க்கையில் நினைத்தது ஒன்றும் நடக்கவில்லை, சின்ன வயசில் தங்களுக்குப் பிடித்த அனகோண்டா படத்தைத் தாங்களே திரும்ப எடுப்போம் என்று கையில் இருக்கிற கொஞ்சம் காசோடு அமேசான் காட்டுக்குக் கிளம்பிப் போகிறார்கள். போன இடத்தில் நிஜப் பாம்பே வந்துவிடுகிறது. ஜாக் பிளாக் என்று குண்டாக ஒருத்தர், பால் ரட் என்று இன்னொருத்தர். அந்தக் குண்டு மனுஷன் முதுகில் செத்த பன்றியைக் கட்டிக்கொண்டு ஓடுகிற இடத்தில் தமிழ் டீச்சருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான் முதுகைத் தட்டிவிட வேண்டியதாகிவிட்டது. அமேசான் என்று காட்டுகிறார்களே, எடுத்தது ஆஸ்திரேலியாவிலாம். பரவாயில்லை, மரம் பச்சையாகத்தான் இருந்தது.

நான் சிரித்தேனா என்று கேட்பாய். சிரித்தேன். பாதிப் படம்வரை நன்றாகவே சிரித்தேன். அப்புறம் முன் வரிசையில் ஒரு பொடியன், ஆறேழு வயசு இருக்கும், அழ ஆரம்பித்தான். சத்தம் போட்டு இல்லை, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, சீட்டில் இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு. அவன் அப்பா அவன் தலையில் தட்டிச் சிரித்தார். "டேய், அது கிராபிக்ஸ்டா, கம்ப்யூட்டர்ல பண்றது" என்றார். பொடியன் தலையை ஆட்டினான். காலைக் கீழே இறக்கவில்லை.

அதுக்கப்புறம் எனக்குப் படம் ஓடவில்லை ராசா. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நடந்ததுதான் ஓடியது.

உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கோ தெரியாது. முதல் அனகோண்டா 1997இல் வந்தது, பிறகு தமிழ் பேசிக்கொண்டு நம் ஊருக்கும் வந்தது. ஊரெல்லாம் அந்தப் பேச்சுதான். உன் அப்பாவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்துகிறவள், பாம்புப் படம், பிள்ளைக்கும் பொது அறிவு வளரட்டும் என்று பெரிய நினைப்போடு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். தியேட்டர் நிரம்பி வழிந்தது. ஃபேன் சத்தத்தில் பாதி வசனம் கேட்காது. ஆனாலும் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள், "அண்ணே, பின்னாடி பாருங்கண்ணே!" என்று அமேசானில் இருக்கிற ஆளுக்கு மதுரையிலிருந்து எச்சரிக்கை.

பயப்படுவதா சிரிப்பதா என்று தெரியாத படம் அது. எடுத்தவர்கள் பயம் காட்டத்தான் எடுத்திருப்பார்கள், ஆனால் ஒரு இடத்தில் படகு போகும்போது பின்னால் அருவி கீழேயிருந்து மேலே ஏறுகிறது, கவனித்திருக்கிறாயா? பிலிமைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். பாம்பு பிடிக்கிறவனாக வருகிற ஜான் வாய்ட், ஆஸ்கார் வாங்கின நடிகர், வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டே படம் முழுக்க வருவார். கடைசியில் பாம்பு அவரை முழுங்கி, திரும்ப வெளியே கக்கி, அப்படிச் சளியும் கோழையுமாகக் கிடக்கிற மனுஷன் கதாநாயகியைப் பார்த்துக் கண்ணடிப்பார். அன்றைக்கு அந்த இடத்தில் விழுந்த விசில் இருக்கிறதே, ரஜினி படத்துக்கும் அப்படி விழுந்திருக்காது. ஹாலிவுட்டில் அந்த வருஷத்து மட்டமான படங்களுக்கு ஒரு கேலி விருது கொடுக்கிறார்கள், அதன் பட்டியலில் இந்தப் படமும் இருந்தது. நம் ஊர் ஜனம் அதையெல்லாம் சட்டை பண்ணவில்லை.

நீ மட்டும் சிரிக்கவில்லை. இடைவேளையில் வாங்கிக் கொடுத்த முறுக்கு கையில் அப்படியே இருந்தது. நான் உன் காதில் சொன்னேன்: "அது ரப்பர்தான், ராசா. உள்ளே மெஷின்." அது பொய்யும் இல்லை. 40 அடியில் ஒன்று, 25 அடியில் ஒன்று என்று இயந்திரப் பாம்பு செய்துதான் எடுத்திருக்கிறார்கள், மீதியைக் கம்ப்யூட்டரில் செய்தார்கள். சயின்ஸ் டீச்சர் இல்லையா, உண்மையைச் சொன்னால் பயம் போய்விடும் என்று நம்பினேன்.

அப்புறம் நடந்ததைத்தான் இருபத்தேழு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் வாடகை வீட்டுக் கொல்லைக் கக்கூஸுக்கு நீ தனியாகப் போகமாட்டேன் என்றது. கிணற்றடித் தொட்டிக்குப் பின்னால் பாம்பு இருக்கிறது என்று சொன்னது. நான் டார்ச் லைட்டோடு வெளியே நிற்க வேண்டும், நிற்பது உனக்குத் தெரிய ஏதாவது பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டு நின்றால் உள்ளேயிருந்து "அம்மா" என்று குரல் வரும். மூன்று மாசம். பெரிய மாமா உனக்கு அனகோண்டா என்றே பேர் வைத்துவிட்டார். காதுகுத்துக்கு வந்தவர்கள், கோடை லீவுக்கு வந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அந்தக் கதை. நான்தான் நன்றாகச் சொல்லுவேன், நடித்தே காட்டுவேன், பாட்டோடு.

உன் கல்யாண ரிசப்ஷனிலும் சொன்னேன். சம்பந்தி வீட்டார் எல்லாரும் வட்டமாக நிற்கும்போது. மருமகள்கூடச் சிரித்தாள். நீ என் தோளைத் தொட்டு, "அம்மா, போதும்மா" என்றாய், மெதுவாகத்தான். நான் அதையும் சேர்த்து, "பாருங்க, இன்னும் பயம் போகல" என்று முடித்தேன். பெரிய கைதட்டல். அதற்குப் பிறகு நீ நம் வீட்டில் யாரோடும் சினிமாவைப் பற்றியே பேசுவதில்லை, அதை நான் கவனிக்காமல் இல்லை. போன தீபாவளிக்கு வீடியோ காலில் பாப்பாவிடம் நான் அதே கதையை ஆரம்பித்தபோது நீ "நெட்வொர்க் சரியில்லை" என்றாய். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கதையில் ஒரு இடத்தை நான் எப்பவும் விட்டுவிடுவேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அருவி உச்சியிலிருந்து ஒரு ஆள் குதிப்பான், ஞாபகம் இருக்கா? தப்பித்துவிட்டான் என்று நினைக்கும்போது பாம்பு பாய்ந்து அந்தரத்திலேயே அவனைச் சுற்றிப் பிடித்துவிடும். அந்த இடத்தில் நான் வாய்விட்டுக் கத்தினேன். கத்தியதோடு உன் கையைப் பிடித்து நசுக்கிவிட்டேன். தியேட்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. படம் முடிந்து டவுன் பஸ்ஸில் வரும்போது நீ புறங்கையைத் திருப்பிக் காட்டினாய், நாலு நகக்குறி சிவப்பாக இருந்தது. "ரப்பர்னா நீ ஏம்மா இப்படிப் பிடிச்சே?" என்று கேட்டாய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேசாம வா, பஸ்ல எல்லாரும் பாக்குறாங்க" என்றேன்.

நீ அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. கொல்லைக் கக்கூஸ் பயம் அன்றைக்கு ராத்திரிதான் ஆரம்பித்தது. பிள்ளை பாம்பைப் பார்த்துப் பயந்தான் என்றே இத்தனை வருஷமும் சொன்னேன், ஒருவேளை நீ என்னைப் பார்த்துப் பயந்திருப்பாய். வகுப்பில் பாம்பைப் பற்றி அவ்வளவு பேசுகிற அம்மாவே கத்துகிறாள் என்றால், ரப்பர் என்று சொன்னது சும்மா சொன்னது என்று ஏழு வயசுப் பிள்ளைக்குத் தோன்றாதா?

டீச்சராகவும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தின் ஆரம்பத்தில், அனகோண்டா தின்ற இரையை வெளியே கக்கிவிட்டு மறுபடி கொன்று தின்னும் என்று எழுத்துப் போடுவார்கள். சுத்தப் பொய். பாம்பு கக்குவது உண்டு, மிரண்டுபோனால் வயிற்றை லேசாக்கித் தப்பி ஓடுவதற்காக. திரும்பத் தின்பதற்கு இல்லை. அது கத்துவதும் கிடையாது, தொண்டையில் குரல் நாண் இருந்தால்தானே கத்தும். நிஜத்தில் 15, 20 அடி இருந்தாலே பெரிய பாம்பு. 30 அடிக்கு மேல் உயிரோடு ஒரு பாம்பு கொண்டுவந்தால் பரிசு என்று நியூயார்க்கில் உயிரியல் பூங்கா நடத்துகிற சங்கம் அறிவித்து, அது 50,000 டாலர்வரை ஏறி, கடைசிவரை ஒருத்தரும் வந்து வாங்கவில்லை. இதெல்லாம் அன்றைக்கே எனக்குப் பாதிக்கு மேல் தெரியும். உன்னிடம் சொல்லாமல் மாமாவோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தப்பாகத் தெரிந்ததும் ஒன்று உண்டு. இறுக்கிப் பிடித்து மூச்சு முட்டவைத்துக் கொல்லும் என்றுதான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். 2015இல் அமெரிக்காவில் போவா என்று அதே மாதிரி இறுக்கிக் கொல்லுகிற ஒரு பாம்பை வைத்து ஆராய்ந்து பார்த்தபோது, மூச்சுக்கு முன்னாலேயே இரையின் ரத்த ஓட்டம் சில நொடியில் நின்றுபோவது தெரிந்தது. அதைப் படித்த அன்றைக்கு என் பழைய மாணவிகளையெல்லாம் தேடிப் பிடித்துத் திருத்தம் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். உன்னிடம் திருத்தம் சொல்ல இவ்வளவு நாளாகியிருக்கிறது.

இன்னொன்று, இது உனக்குப் பிடிக்கும். அனகோண்டா என்கிற பேரே அமேசான் பேர் இல்லையாம். 1693இல் ஜான் ரே என்கிற இங்கிலாந்துக்காரர் ஒரு பாம்புப் பட்டியலில் இலங்கைப் பாம்பு ஒன்றுக்கு அப்படி ஒரு பேரை எழுதி வைக்க, அது எப்படியோ கடல் தாண்டிப்போய்த் தென் அமெரிக்கப் பாம்பின்மேல் உட்கார்ந்துகொண்டது. சிங்களத்தில் ஹெனகந்தயா என்று ஒரு பாம்பு, அதுதான் மூலம் என்கிறார்கள் சிலர். இல்லை, தமிழில் ஆனைக்கொன்றான் என்பதுதான் அப்படித் திரிந்தது என்கிறார்கள் வேறு சிலர். தமிழ் டீச்சரிடம் சொன்னேன், அவர் உடனே தீர்ப்பே கொடுத்துவிட்டார், யார் பக்கம் என்று நான் சொல்லவே வேண்டாம். மாமா உனக்கு வைத்த பேருக்கு இப்படி ஒரு அர்த்தம் இருப்பது அவருக்கே தெரியாது.

பாப்பாவுக்கு ஆறு வயசாகிவிட்டது, அவளும் டைனோசர், டிராகன் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள் என்று மருமகள் சொன்னாள். கூட்டிப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம், நான் தலையிட மாட்டேன். அவள் பயந்தால் அந்தக் கதை என்னிடம் வரவேண்டாம். வந்தால் நான் யாரிடமாவது சொல்லிவிடுவேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும்.

இனிமேல் உன் கதையைச் சொல்வதில்லை என்று முடிவு பண்ணியிருக்கிறேன். மாமாவிடமும் சொல்லிவிட்டேன். "சரி அக்கா" என்றவர், அடுத்த நிமிஷமே "அனகோண்டா எப்படி இருக்கான்?" என்று கேட்டார். அவரை மாற்ற முடியாது.

பதிலுக்கு உனக்கு ஒன்று தருகிறேன். படம் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்ரூம் போனேன். இப்போதுதான் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே, டைல்ஸ் போட்டு, எல்.இ.டி. விளக்கு போட்டு, கட்டிலிலிருந்து எட்டு எட்டு வைத்தால் வந்துவிடும். லைட்டைப் போட்டேன். உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே கையை நீட்டி, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் விளக்குமாற்றை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்புறமும் போகத் தைரியம் வராமல் உன் அப்பாவை எழுப்பி வெளியே நிற்கச் சொன்னேன். அவர் தூக்கக் கலக்கத்தில் "என்னடி?" என்றார். "சும்மா நில்லுங்க, ஏதாவது பேசிக்கிட்டே இருங்க" என்றேன். மனுஷன் உள்ளே எனக்குக் கேட்கிற மாதிரி கேஸ் புக் பண்ணின நம்பரை ஒப்பித்துக்கொண்டு நின்றார்.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள். மருமகளிடம் சொல், பாப்பாவிடம் சொல், சம்பந்தி வீட்டார் வரும்போது சொல். நடித்தும் காட்டு.

இட்லிப் பொடியும் கொஞ்சம் வத்தலும் பார்சல் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் சொல்லு.

அன்புடன்,
அம்மா