பலகைக்கு மேலே பலகாரம்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
டிசம்பர் 3

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது, ஆனால் மழைக்குள் சந்தைக்குப் போவதை மட்டும் விடுகிறார் இல்லை. நத்தார் (கிறிஸ்மஸ்) ஓடர்கள் வரத் தொடங்கிவிட்டன. குசினி முழுக்க வறுத்த பயறு வாசம். இதை எழுதி முடித்தால் தம்பி படம் எடுத்து உனக்கு அனுப்புவான். தொலைபேசியில் சொன்னால் நீ பாதியில் பிள்ளையைப் பார்க்க ஓடிவிடுவாய்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீளமான மரப்பலகை, நடுவில் உருக்கிய சொக்லேட் கிண்ணம், சுற்றிவர வெட்டிய ஸ்ரோபெரி, பிஸ்கட், கேக் துண்டுகள், இடையிடையே ஏதோ பச்சைக் கொப்பு. நத்தார் இரவுக்கு வேலையிடத்து ஆட்களும் மருமகனின் சொந்தக்காரரும் வருகிறார்கள், இப்படி ஒரு பலகை எங்கள் பலகாரங்களோடு வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வைக்கலாம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து அடுக்காதே. வெட்டிய பழத்துக்கு முட்டினாற்போல பிஸ்கட்டை வைத்திருக்கிறார்கள். படம் எடுக்கும்வரை நல்லாய்த்தான் இருந்திருக்கும், விருந்தாளி கை வைக்கும்போது அடிப்பக்கம் ஊறி நமுத்திருக்கும். நிறத்தையும் வடிவத்தையும் பிறகு பார்க்கலாம். எதற்குப் பக்கத்தில் எது இருக்கக் கூடாது என்பதுதான் முதல் கேள்வி. ஊருக்கெல்லாம் பலகாரம் கட்டி அனுப்புகிற எனக்குத் தெரிந்தது அதுதான்.

பொரித்தெடுக்கிற பயத்தம் பணியாரம், சிப்பி, அச்சுப் பலகாரம், முறுக்கு எல்லாம் ஒரு சாதி. ஈரம் பட்டால் போச்சு. இங்கே இந்த மாரியில் தகரப் பேணியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலே சிப்பியின் சீனிப் பாகு கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கனடாவில் உங்கள் வீட்டில் ஹீற்றர் போட்டுக் காற்று காய்ந்து கிடக்கும், அதனால் சிப்பிக்கு அங்கே ராசயோகம். பாடுபடப் போவது கேக்தான். கடதாசி சுற்றாமல் வெட்டி வைத்த கேக்கின் ஓரம் காய்ந்து உதிரத் தொடங்கிவிடும். ஆகவே பேணிப் பலகாரத்தை முதலே அடுக்கிவிடு, கேக்கை ஆட்கள் வந்து சேருகிற நேரத்தில் வெட்டி வை.

அல்வா மாதிரிக் கிண்டி எடுக்கிற தொதலும் மஸ்கட்டும் இன்னொரு சாதி. இவற்றிலிருந்து எண்ணெய் கசியும். நேரே மரத்தில் வைத்தால் கறை பிடிக்கும், பக்கத்தில் இருக்கிற பணியாரமும் எண்ணெய் குடிக்கும். கீழே வாழையிலைத் துண்டு போடு. அங்கே தமிழ்க் கடையில் குளிரவைத்த இலை கிடைக்கும் என்று நீயே சொன்னாய், அது உருகும்போது தண்ணீர் விடும், துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் போடு. இலை இல்லாவிட்டால் கேக் சுடுகிற எண்ணெய்க் கடதாசி போதும். தொதலை பிரிட்ஜுக்குள் வைத்திருந்தால் மத்தியானமே வெளியே எடுத்துவிடு. தேங்காய்ப்பாலில் இருக்கிற எண்ணெய் குளிருக்கு உறைந்து, கடித்தால் மெழுகுத் துண்டு மாதிரி இருக்கும். முதன்முதலாகச் சாப்பிடுகிற ஒரு வெள்ளைக்காரர் தொதல் என்றால் இதுதான் என்று நினைத்துவிடுவார், பாவம். கத்தியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு அங்குலத்துக்கு வெட்டு. அதற்கு மேலே பெரிதாக வேண்டாம்.

மூன்றாவது, ஈரச் சாமான். திராட்சையைக் குலையோடு வை. மன்டரின் தோடம்பழத்தை உரித்துச் சுளையாக வை, வெட்டாதே. மாதுளை முத்தைக் கிண்ணத்துக்குள் போடு. சொக்லேட் கிண்ணத்தையும் பழங்களின் பக்கமே வைத்துக்கொள். சொக்லேட் உருக்கும்போது கவனம், ஒரு துளி தண்ணீர் விழுந்தாலும் கட்டிபட்டுத் திரண்டுவிடும். பழத்தைத் தோய்ப்பதென்றால் ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தோய். அதோடு சொக்லேட் மற்றவற்றின் வாசத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், ஆகவே ஏலக்காய் தூக்கலான பலகாரங்களிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

சரி, இந்த மூன்றையும் ஒரே பலகையில் எப்படி வைப்பது? வேலி போட்டுத்தான். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வேலி போடச் சொல்லித் தரவும் வேண்டுமா! எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, அதன் மேலே நிறக் கடதாசி சுற்றிய நத்தார் கேக் துண்டுகள்தான் உன் வேலி. அவற்றுக்கு ஈரமும் பயமில்லை, எண்ணெயும் பயமில்லை. பழத்துக்கும் பணியாரத்துக்கும் நடுவில் ஒரு வரிசை அடுக்கு. தொதலுக்கும் சிப்பிக்கும் நடுவில் பனங்கட்டிக் குட்டான்களை நிறுத்து. அந்தச் சின்ன ஓலைக் குட்டானைப் பார்த்ததும் எல்லோரும் கையில் எடுத்து இது என்ன என்று கேட்பார்கள். மருமகனுக்குக் கதை சொல்ல ஒரு சாட்டும் கிடைக்கும். ஆனால் அதை அப்படியே கடிக்கச் சொல்லிக் கொடுத்துவிடாதே, ஒன்றிரண்டைப் பிரித்து உடைத்துப் பக்கத்தில் வை. பிறகு தேத்தண்ணி ஊற்றும்போது ஆளுக்கொரு துண்டு.

கேக் என்றதும் ஞாபகம் வருகிறது. பிளம்ஸும் (உலர்ந்த திராட்சை) இஞ்சிப்பாகும் பூசணிப்பாகும் வெட்டி இன்றைக்கே பிராந்தியில் போடு. முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும், பரவாயில்லை, இனியும் பிந்தாதே. ரவையை வெண்ணெயில் பிரட்டி வைக்க மறக்காதே. லவ் கேக்கும் செய்வதென்றால் அதற்குக் கஜுவை (முந்திரிப் பருப்பை) பொடியாக்காமல் கத்தியாலேயே கொத்து. பல்லில் படவேண்டும். பன்னீர் ஒரு கரண்டி கூடினாலும் சவர்க்காரம் மாதிரி மணக்கும், அளந்தே விடு. போர்த்துக்கேயர் வழியில் வந்த கேக் என்று இதைச் சொல்லுவார்கள். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் 1658இல் ஒல்லாந்தரிடம் விட்டுவிட்டுப் போனார்கள், கேக் மட்டும் எங்களோடு நின்றுவிட்டது. அந்தக் கேக்கின் மேல்பக்கம் மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே ஈரம். வெட்டினால் உதிரும், அதனால் சின்னக் கடதாசிக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக வைத்துவிடு.

அளவு விஷயத்தில் நீ என் பேச்சைக் கேட்க வேண்டும். எங்கள் வழக்கத்துக்கு அரியதரத்தைக் கையகலத்துக்குத் தட்டிப்போடாதே. இராச்சாப்பாடு முடிந்த வயிற்றோடு வருகிறவர்கள் நாலைந்து வாய்க்கு மேல் எடுக்கமாட்டார்கள். அந்த நாலைந்து வாயிலும் வேறு வேறு ருசி கிடைத்தால்தான் அவர்களுக்குப் பலகையைப் பார்த்த சந்தோஷம். அரியதரம் பெரிய காசுக் குத்தி அளவு போதும். பொரித்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அமத்தி எண்ணெயை வடித்துவிடு. பயத்தம் பணியாரத்து உருண்டையை நெல்லிக்காய் அளவுக்குப் பிடி. ஆனால் உருண்டை சின்னதானால் தோய்த்துப் பொரிக்கிற மேல்மா கூடிவிடும், கடித்தால் மாவுதான் முதலில் வரும். ஆகவே தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கூட்டி மேல்மாவை இளக்கமாகக் கரைத்துக்கொள். விரலால் தொட்டுத் தூக்கினால் மெல்லிசாகப் போர்த்தி நிற்க வேண்டும், கட்டியாகத் தொங்கக் கூடாது. மஞ்சள் ஒரு சிட்டிகைதான். தேங்காய்ப்பூவைச் சிவக்க வறுத்துத்தான் சேர்க்க வேண்டும். பச்சையாகப் போட்டால் இரண்டு நாளில் சிக்கு மணம் வந்துவிடும்.

எல்லாமே இனிப்பாக இருந்தாலும் சரிவராது. மூன்றாவது துண்டோடு நாக்குச் சலித்துவிடும். மொறுமொறுக்கிற பருத்தித்துறை வடையைச் சின்னதாகத் தட்டி ஒரு மூலையில் வை, உறைப்பைக் கொஞ்சம் குறைத்து. ஒரு தொதல், ஒரு வடை, திரும்ப ஒரு கேக் என்று கை தானாகப் போகும். எங்கள் பலகாரத் தட்டுகளில் முறுக்கு எப்போதும் இருப்பதும் இதற்காகத்தான் இருக்க வேண்டும்.

கலியாணத் தட்டில் அடுக்குகிற மாதிரி கோபுரம் கட்டாதே. அது சபைக்குக் காட்டுவதற்கு, தூக்கிக்கொண்டு போகிற பெண்டுகளும் அசையாமல் நடப்பார்கள். உன் வீட்டில் முதலாவது ஆள் ஒன்றை எடுத்ததுமே சரிந்துவிடும். ஒற்றைப் படையாக, கொஞ்சம் சாய்த்து வை. எல்லாவற்றையும் ஒரே தரத்தில் வைக்கவும் வேண்டாம். பேணியில் மிச்சம் இருக்கட்டும், குறையக் குறைய நிரப்பு. அப்போதுதான் பிந்தி வருகிற ஆளுக்கும் பலகை பலகையாகத் தெரியும்.

மருமகன் வட்டிலப்பம் கேட்பார், தெரியும். சின்னக் கோப்பைகளில் அவித்து பிரிட்ஜில் வை. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சாமான், வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கிறீம் போட்டதும் அப்படித்தான். அதனால் பலகையில் ஏற்றாமல், கேட்கிறவர்களுக்குக் கையில் கொடு.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுக்காதே. லவ் கேக்கிலும் தொதலிலும் கஜு இருப்பது எங்களுக்குத் தெரியும், உன் வேலையிடத்து ஆட்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்ன மட்டையில் பெயரும், உள்ளே கஜு, முட்டை, பால், கோதுமை மா எது இருக்கிறது என்றும் எழுதி வை. எள்ளுருண்டையைப் பலகையில் வைக்கவே வேண்டாம். கனடாவில் பெட்டிச் சாமானில் எள்ளையும் ஒவ்வாமைப் பட்டியலில் சேர்த்துக் கட்டாயம் எழுத வேண்டும் என்று நீதானே சொன்னாய். அதன் எள்ளு உதிர்ந்து எங்கும் ஒட்டும். தனித்தட்டில், தனி மேசையில் வை. எடுப்பதற்கு ஒவ்வொன்றுக்கும் வேறு இடுக்கியோ கரண்டியோ போடு.

அலங்காரத்துக்குச் சிவப்புப் பழத்தோடு ஹொலிக் கொப்பு வைக்கிறார்களே, அது உனக்கு வேண்டாம். அந்தப் பழம் நஞ்சு, என் பேத்தி எதைக் கண்டாலும் வாயில் போடுகிற வயசு. சிவப்புக்கு மாதுளை இருக்கிறது, பச்சைக்கு ரம்பை இலையைக் கழுவித் துடைத்து முடிச்சுப் போட்டு வை. கறிவேப்பிலை வைக்கலாமா என்று கேட்காதே, கேக் கறி மணக்கும்.

பெரிய பலகை விலை என்றாய். வாங்காதே. நான் முன்பு கொடுத்துவிட்ட பனையோலைச் சுளகு பரணில்தானே கிடக்கிறது? தட்டித் துடைத்து, இலை விரித்து, அதிலேயே அடுக்கு. வட்டமும் இல்லாத சதுரமும் இல்லாத அந்த வடிவத்துக்குக் குறுகின பக்கம் ஈரச் சாமான், விரிந்த பக்கம் பணியாரம், நடுவில் வேலி. கச்சிதமாக வரும்.

எதிர்வீட்டு அன்ரி தைப்பொங்கலுக்கு அனுப்பிய தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறுந்தட்டாகக் கொடுக்கிற வழக்கம் இல்லையே, நத்தார் கேக்கோடு இந்த முறை கொடுத்துவிட வேண்டும். அவ உன்னை விசாரித்தா.

உன் சிநேகிதியின் தாய் 17ஆம் திகதி ரொறன்ரோ வருகிறா. ஐந்து கிலோ கொண்டுவரலாம் என்று சொல்லியிருக்கிறா. தொதலும் குட்டானும் சிப்பியும் அதில் வரும். பயத்தம் பணியாரம் வழியில் உடையும், அதற்கு வறுத்துத் திரித்த மாவை மட்டும் தருகிறேன், நீ அங்கே பொரித்துக்கொள். வடையும் அங்கேயே தட்டு. மொத்தம் எத்தனை பேர், அதில் சின்னப் பிள்ளைகள் எத்தனை என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு. திங்கள் காலமை பயறு மில்லுக்குப் போக வேண்டும்.

அன்புடன்,
அம்மா