ஃபிபுலா தேவையற்ற எலும்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாய்ப்புற்றுநோயால் தாடையை இழந்தவர்களுக்குக் காலிலிருந்து எலும்பு எடுத்துப் புதுத் தாடை அமைக்கும் அறுவை சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். புகையிலையால் தாடையை இழப்பவர்கள் மிகுந்த நம் நாட்டில் அவசியம் எழுதப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்த எலும்பை, அதாவது ஃபிபுலாவை, 'உடலுக்குத் தேவையில்லாத எலும்பு' என்று குறிப்பிட்டிருப்பது தவறு.

நான் இயன்முறை மருத்துவர். கணவரின் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த ஒரு பெண்மணி, தங்கள் கட்டுரையை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்து எடுத்துவந்து, "தேவையில்லாத எலும்புன்னுதானே போட்டிருக்கு, பிறகு எதுக்கு நடக்கப் பயிற்சி?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே விரலுக்குத் தட்டுப்படும் பருத்த எலும்பு டிபியா. உடல் எடையின் பெரும்பகுதியை அதுவே தாங்குகிறது. வெளிப்பக்கம் ஒல்லியாக இருக்கும் ஃபிபுலாவுக்கு வருவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. அதனால் அதற்கு வேலையே இல்லை என்று ஆகிவிடாது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாகத் தடவினால் சிறிய குமிழ் ஒன்று தட்டுப்படும். அது ஃபிபுலாவின் தலை. அங்கிருந்து தசைகளுக்குள் மறைந்து இறங்கும் எலும்பு, கணுக்காலின் வெளிப்புறத்தில் உருண்டு துருத்தி நிற்கும் மேடாக மீண்டும் வெளித்தெரிகிறது. அந்த மேடுதான் பாதம் வெளிப்பக்கம் நழுவாமல் அணைத்து நிற்கிறது. கால் கட்டைவிரலை மடக்கும் தசையும் இந்த எலும்பிலிருந்துதான் புறப்படுகிறது.

ஆகவேதான் அறுவை மருத்துவர்கள் முழு எலும்பையும் எடுப்பதில்லை. கணுக்காலின் உறுதிக்காகக் கீழ்முனையில் சுமார் 6 செ.மீ. விட்டுவிடுகிறார்கள். பாதத்தைத் தூக்க உதவும் நரம்பு தலைக்குக் கீழே எலும்பின் கழுத்தைச் சுற்றிச் செல்வதால் மேல்முனையையும் விட்டுவைக்கிறார்கள். அந்த நரம்பு அடிபட்டால் நடக்கும்போது பாதம் தொங்கிப்போகும். (எலும்பு முறிவுக்கு அந்த இடத்தில் இறுக்கிக் கட்டிய கட்டினால் பாதம் தொங்கிப்போய் வந்தவர்களுக்கும் நான் சிகிச்சை அளித்திருக்கிறேன்.) இடையில் உள்ள பகுதியை அதன் ரத்தக்குழாயுடன் சேர்த்து எடுத்து, துண்டுகளாக்கித் தாடையின் வளைவுக்குப் பொருத்துகிறார்கள். 1975-இல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர் இவ்வாறு ரத்தக்குழாயோடு ஃபிபுலாவை இடம் மாற்றியதை வெளியிட்டார். அமெரிக்காவின் டேவிட் ஹிடால்கோ அதே முறையில் தாடையைச் சீரமைத்ததை 1989-இல் வெளியிட்டார்.

இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலோர் நன்றாக நடக்கிறார்கள் என்பது உண்மை. ஆயினும் தொடக்கத்தில் கணுக்கால் விறைப்பும் கட்டைவிரல் பலவீனமும் இருக்கக்கூடும். பயிற்சியைத் தவிர்த்தால் அவை நீடிக்கும். எனவே 'தேவையில்லாத எலும்பு' என்ற சொற்றொடரைத் திருத்தி, 'நடுப்பகுதியை மட்டும் இழந்தாலும் நடக்க முடிகிற எலும்பு' என்று அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர், தஞ்சாவூர்