விஜிக்கு, மான் உப்பு சமாச்சாரம்

விஜி,

பதிலே போடுவதில்லை என்று சுந்தரியிடம் என்னைப் பற்றி வத்தி வைத்தாயாமே. இதோ போட்டாச்சு. இங்கே எல்லாரும் சௌக்கியம். சுந்தரி பெண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை நீ சொன்ன அதே ஆள்தான், சிரிக்காதே.

இப்போ உன் மான் விவகாரம். கொல்லைக் காட்டுக்கு மானை வரவழைத்துப் படம் எடுக்க, உப்புக் குழி தோண்டிக் கலவை எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தாயே. இதையே நீ இங்கே கிண்டியில் செய்திருந்தால் கதை வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இரை வைத்து ஈர்ப்பதும் வேட்டைக் கணக்குதான், தெரியுமோ? அமெரிக்காவில் கொல்லைப்புறக் காடு உனக்கே சொந்தம் என்பதால் துள்ளுகிறாய்.

கலவை ரொம்பச் சுலபம். தீவனக் கடையில் செங்கல் நிறத்தில் கிடைக்கும் ட்ரேஸ் மினரல் உப்பு (மாட்டுக்கு வைப்பது, தாமிரம் மாதிரி நுண்தாதுக்கள் சேர்த்தது) இரண்டு பங்கு, சாதா உப்பு ஒரு பங்கு, டைகால்சியம் பாஸ்பேட் (சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் உள்ள தூள்) ஒரு பங்கு. ஒரு குழிக்குப் பத்து கிலோ போதும். அதாவது ஐந்து, இரண்டரை, இரண்டரை. மானை இழுப்பது உப்புதான். வசந்தத்தில் துளிர்க்கும் இலை தழையில் தண்ணீரும் பொட்டாசியமும் அதிகம். அதைத் தின்றால் உடம்பிலுள்ள சோடியம் மூத்திரத்தோடு போய்விடும், உப்புக்கு நாக்கு அலையும். பாஸ்பேட்டுக்குச் சுவையே கிடையாது, உப்போடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறது. கொம்புக்கு நல்லது என்று அதை அள்ளிக் கொட்டினாயானால் மான் முகர்ந்துவிட்டுப் போய்விடும். கொம்பு பெரிசாகும் என்று மூட்டையில் அச்சடித்திருப்பதையும் நம்பாதே. வயசு, தீனி, பரம்பரை, இந்த மூன்றுதான் கொம்பு.

பாஸ்பேட் தீவனத் தரமா என்று பார்த்து வாங்கு. உரக்கடை ராக் பாஸ்பேட்டில் ஃப்ளோரின் இருக்கும், பல்லையும் எலும்பையும் கெடுக்கும். நம்மூரில் மாட்டுக்கு வைக்கும் யூரியா-வெல்லப்பாகு கட்டியை ஞாபகம் வைத்துக்கொண்டு யூரியா சேர்க்காதே. அளவு மீறினால் வயிற்றில் அம்மோனியா ஏறிச் செத்துப்போகும். வெல்லப்பாகும் வேண்டாம், கரடிக்கு அழைப்பு வைத்த மாதிரி ஆகும். பக்கத்துப் பண்ணையில் செம்மறி இருந்தால் இந்தக் கலவை வேலிக்கு அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்: மாட்டு உப்பிலுள்ள தாமிரம் செம்மறிக்கு விஷம்.

மூன்றடி அகலம், அரை அடி ஆழம் குழி தோண்டு. தோண்டின மண்ணிலேயே கலவையைப் பிசைந்து திரும்பக் கொட்டி, ஒரு வாளித் தண்ணீர் விடு. களிமண் உப்பைப் பிடித்து வைக்கும். மணலானால் மழையில் கீழே இறங்கிவிடும். அப்படியானால் உளுத்துப்போன பழைய அடிமரம் ஒன்று பார்த்து அதன் மேல் கொட்டு. மழை உப்பை மரத்துக்குள் இறக்கும். மான் மரத்தையே கரண்டித் தின்னும், கொஞ்ச நாளில் அடிமரம் இருந்த இடத்தில் பள்ளம்தான் மிஞ்சும். நல்ல மரத்தின் வேர்ப்பக்கம், ஓடைக்கரை, ரோட்டோரம் மூன்றும் ஆகாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புதுக் கலவை. மார்ச்சுக்கு முன் தயாராக இருந்தால் கொம்பு வளரும் ஆகஸ்ட் வரை வரத்து இருக்கும். குளிர்காலத்தில் ஏமாந்து போவாய்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன், கிண்டல் இல்லைடி. அங்கே க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்று மானுக்கு மூளையைத் தின்னும் நோய் இருக்கிறது. 1967ல் கொலராடோவில் முதலில் கவனித்தார்கள். கிருமி இல்லை, ப்ரியான் என்கிற கெட்டுப்போன புரதம். எச்சிலிலும் மூத்திரத்திலும் சாணத்திலும் வெளியே வரும். களிமண்ணில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். நோய் பிடித்த மான் ஒன்றரை வருஷம்கூட வெளியே ஒன்றும் தெரியாமல் திரியலாம். நீ தோண்டும் குழியில் ஊர் மான் எல்லாம் ஒரே மண்ணை நக்கப் போகிறது. பல மாநிலங்களில் உப்பு வைக்கவே தடை. சில இடங்களில் கவுன்டிக்குக் கவுன்டி (நம்மூர் ஜில்லா மாதிரி) விதி மாறும், வருஷா வருஷம் மாறும். கடைக்காரன் விற்கிறான் என்பதால் வைக்கலாம் என்று அர்த்தமில்லை. மாநில வனவிலங்குத் துறையைக் கூப்பிட்டு, உப்பு, தாதுக் கலவை இரண்டையும் பெயர் சொல்லிக் கேள். தானியத்துக்கு ஒரு விதி, உப்புக்கு ஒரு விதி இருக்கலாம். நோய் வந்த பகுதி என்றால், அனுமதியே இருந்தாலும் வைக்காதே. படம்தானே வேண்டும்? வெயில் படுகிற இடத்தில் பரவலாக வெள்ளை க்ளோவர் என்கிற மூவிலைத் தீவனச் செடியை விதைத்துவிடு. மான் மேய வரும், ஒரே இடத்தில் மூக்கோடு மூக்கு உரசாது.

எந்தக் கவுன்டி, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுது. அதுவரைக்கும் மூட்டையைப் பிரிக்காதே.

கமலா