அண்ணன் பெயர் இல்லாத அழைப்பிதழ்

போதை மறுவாழ்வு மைய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஆண்டு விழாவில் பத்து நிமிடம் பேசச் சொல்லி அழைப்பு அனுப்பியிருக்கிறீர்கள். 'மீண்டு வந்த இளைஞர்' என்று என் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். நன்றி. அழைப்பிதழை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். பொன்னாடை வாங்கப்போகும் டத்தோ பட்டக்காரர்கள் இருக்கிறார்கள், பந்தல் உபயதாரர்கூட இருக்கிறார். மையத்தில் எங்களுக்கு வழிகாட்டியாக இருந்த அண்ணன் பெயரைக் காணோம்.

எப்படி இருக்கும்? டிப்ளோமா இல்லாதவர் வழிகாட்டியாக இருக்க முடியாது என்று போன மாதம்தானே கடிதம் கொடுத்து அவரை வேலையைவிட்டு அனுப்பினீர்கள். நான் கேட்பது ஒன்றுதான்: அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சியாபு என்ற போதைப்பொருளை நிறுத்திய முதல் வாரம்தான் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அந்த வாரம் தூக்கத்திலும் பசியிலுமே போய்விட்டது. எழுந்தால் சோற்றுப் பானை காலி, அப்புறம் மறுபடி தூக்கம். கஷ்டம் பிறகு வந்தது, சம்பள நாளில். பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சேர்ந்து முதல் சம்பளம் ஏறிய மாலை, ஏடிஎம் உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் கேட்டதுமே உள்ளங்கை வியர்த்துவிட்டது. பணத்தை எடுத்துக்கொண்டு பழைய கூட்டாளியின் பிளாட் பக்கம் நாலு எட்டு நடந்தும் விட்டேன். அங்கிருந்துதான் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"திரும்பி மெஷின் கிட்டயே போய் நில்லு, வர்றேன்" என்றார்.

அவர் இருந்தது கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில். ஃபெரிக்குக் காத்திருந்தால் நேரமாகும் என்று 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைப் பழைய ஈஎக்ஸ் ஃபைவ் மோட்டார் சைக்கிளில், கொட்டும் மழையில் கடந்து வந்தார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. மாமாக் சாப்பாட்டுக் கடையில் மைலோ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் கையை நீட்டினார். ஐம்பது வெள்ளியை எனக்குக் கொடுத்துவிட்டு மீதியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிரவே பாகான் டாலாம் வீட்டில் என் அம்மாவிடம் அதை ஒப்படைத்து, ஒரு சின்ன 555 குறிப்புப் புத்தகத்தில் தொகையை எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். அதற்கப்புறம் எட்டு மாதம், ஒவ்வொரு 7ஆம் தேதியும் தொழிற்சாலை கேட்டருகே நின்றார். அந்தப் புத்தகம் இன்னும் எங்கள் சாமி மேடையில் இருக்கிறது.

பாலத்தில் அவரிடம் யாரும் டிப்ளோமா கேட்கவில்லை.

புதிய ஆலோசகர் படித்தவர், தன்மையானவர். அவர்மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். ஆசைக்கு அலுவலக நேரம் தெரியாது. அதற்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிப் பாருங்களேன்.

படிக்கிற வயதில் அண்ணன் உள்ளே இருந்தார், அதை அவர் மறைத்ததே இல்லை. இந்த நாட்டில் போதைப்பொருள் எடுத்ததற்கு மட்டுமே, 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவில் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ உண்டு. அதைக் கட்டி முடிக்கலாம், கழித்தும் முடிக்கலாம். நம் பத்திரிகைகள் கொடுக்கும் 'போதைப்பித்தர்' பட்டத்தை மட்டும் என்ன செய்தாலும் திருப்பிக் கொடுக்க முடிவதில்லை. நீங்கள் அந்தப் பட்டத்தைத்தான் கடிதத்தில் கொஞ்சம் நாசூக்காக எழுதினீர்களோ? சரி, எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

வழிகாட்டி என்ற பெயர்தான் இடிக்கிறது என்றால் வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சாவியையும் பெட்ரோல் செலவையும் கொடுத்து அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். விழாவில் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தால் நானும் வந்து பேசுகிறேன்.

இப்போது மையத்திலிருக்கும் தம்பிகள் இரண்டு பேர் வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் 7ஆம் தேதிதான் சம்பளம். தயவுசெய்து அதற்குள் பதில் சொல்லுங்கள்.

பணிவன்புடன்,
அழைப்பிதழ்ப் படத்தில் இருப்பவன்