மணலுக்கு வாடகை

போர்ன்மத், இங்கிலாந்து,
16.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் மற்ற எல்லோரும் நலமா? நீ சொல்லச் சொல்லப் பாப்பா எழுதிய கடிதம் போன மாதமே வந்துவிட்டது. "போன்ல பல்லக் காட்டிட்டு வச்சுர்றான், ஒரு வெவரமும் தெரியல" என்று நீ சொன்னதை ஓரெழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறாள். படித்ததிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று ஞாயிறு, எனக்கு லீவு, உட்கார்ந்துவிட்டேன். பாப்பா, நிறுத்தி நிறுத்திப் படி. தாத்தா காதிலும் விழட்டும்.

சாப்பாட்டைத்தான் முதலில் கேட்பாய். குறையில்லை. இங்கே மாக்கரல் என்று ஒரு மீன், நம்ம கானாங்கெளுத்திக்குப் பெரியப்பா மகன் மாதிரி, முதுகெல்லாம் வரி. புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். கூட இருக்கும் பையன்கள் வழித்துச் சாப்பிட்டார்கள். வீட்டுக்காரர்தான் மறுநாள் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். கடை சாத்தும் நேரத்தில் போனால் மிச்சமிருக்கும் சாமானில் மஞ்சள் சீட்டு ஒட்டி விலையைக் குறைத்துத் தருவார்கள். நான் அந்த நேரம் பார்த்துத்தான் போவேன். கஷ்டத்தால் இல்லை. பொறையாறு சந்தையில் பொழுது சாயக் கூடையைக் காலி பண்ணுகிறவளின் மகனுக்கு இதுகூடத் தெரியாதா? வேலைக்கு நடந்தே போகிறேன், ஒரு மணி நேரம். உடம்புக்கு நல்லது.

அடுத்த வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, தப்பான நாளில் குப்பைத் தொட்டியை வெளியே வைத்ததற்கு என் ஜன்னலைத் தட்டிச் சண்டை பிடித்தவர். இப்போது நல்ல சிநேகம். வயது எண்பத்து மூன்று. மழை பெய்தாலும் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போயே ஆக வேண்டும் அவருக்கு. கைப்பிடித்துக் கூட்டிப்போவது நான். அங்கே அவருக்கு ஒரு கொட்டகை இருக்கிறது.

கொட்டகை என்றதும் அப்பாவின் வலைக் கொட்டகையை நினைத்துக்கொள். அந்த அளவுதான். ஆனால் பலகையில் கட்டியது, கதவுக்கு நீலப் பெயின்ட். உள்ளே மடக்கு நாற்காலி ரெண்டு, சின்ன அடுப்பு ஒன்று, டீக்கு ஒரு கெட்டில். வலை இல்லை, கயிறு இல்லை, ஒரு மீன் செதில்கூட இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பதற்கென்றே ஒரு கொட்டகை அம்மா! கரையோரம் செங்குத்தாக நிற்கும் மண்மேட்டுக்கும் மணலுக்கும் நடுவே மைல்கணக்கில் நடைபாதை போகிறது. அதன் ஓரமாக, தீப்பெட்டி அடுக்கின மாதிரி வரிசை வரிசையாய் நிற்கின்றன. 'பீச் ஹட்' என்பார்கள்.

இந்த நாட்டில் நகராட்சியே போட்டு வாடகைக்கு விட்ட முதல் கொட்டகைகள் எங்கள் ஊரில்தான், 1909இல், என்று பாட்டி மார்தட்டுவார். (எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன் பார். அவர் ஊர்.) வரைந்து கொடுத்தவர் டோலமோர் என்று நகராட்சியின் பொறியாளர் பிரிவில் இருந்தவர். பியர் என்று கடலுக்குள் நீண்டு போகும் நடைபாலத்தின் பக்கத்தில் அந்தக் காலத்துக் கொட்டகை ஒன்றில் நீல வட்ட நினைவுத் தகடு பதித்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், பெண்கள் உடை மாற்றச் சக்கரம் வைத்த மரப்பெட்டியாம். உள்ளே ஏறிக்கொண்டால் குதிரை தண்ணீர்வரை இழுத்துக்கொண்டு போய் விடும். விக்டோரியா ராணியும் அப்படி ஒரு பெட்டியிலிருந்துதான் கடலில் இறங்கிக் குளித்தார். அவருடைய பெட்டி எதிரே இருக்கும் வைட் தீவில் இன்னும் இருக்கிறது.

நீ சிரிக்கப்போவது இனிமேல்தான். பலகையும் கதவும் பாட்டியுடையது, அடியிலிருக்கும் தரை நகராட்சியுடையது. அந்தத் தரைக்கு வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்தக் காகிதத்தைப் பாட்டிக்கு நான்தான் படித்துக் காட்டினேன், எழுத்து அவ்வளவு பொடி. ராத்திரி தங்கக் கூடாது. வியாபாரம் கூடாது, அதாவது நீ அங்கே உட்கார்ந்து நெத்திலி வறுத்து விற்க முடியாது. பெயின்ட் உரிந்து கிடக்கக் கூடாது. விற்பதென்றால் முதலில் நகராட்சியைக் கேட்க வேண்டும், கைமாற்றத்துக்கு அவர்களுக்கும் ஒரு தொகை. கடல் சுவரிலோ மேட்டிலோ வேலை வந்தால் நகர்த்தச் சொல்வார்கள், நகர்த்தத்தான் வேண்டும். நகராட்சியே சொந்தமாக வைத்திருக்கும் கொட்டகைகளும் உண்டு. அதில் ஒன்றை வருஷ வாடகைக்கு எடுக்க ஆயிரம் பவுண்டைத் தாண்டும், அதற்கும் பேர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை பல இடங்களில் நாய்கூட மணலில் இறங்கக் கூடாது.

சட்டத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆனால் மேடு சரிகிற ஊர் இது. 2016 ஏப்ரலில் கிழக்கு மேடு சரிந்து, ஆட்களை மேலே ஏற்றி இறக்கும் ரயில் நாசமாகிவிட்டது. தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றதைப் பார்த்தவர்கள் நாம், நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அந்த மேட்டில் நகராட்சி என்ன செய்கிறது தெரியுமா? ஆடு வளர்க்கிறது! சரிவில் மண்டும் புதரை மேய்ந்து தள்ளத்தான். மனிதன் கால்வைக்க முடியாத இடத்தில் நின்று தின்னுகின்றன. பார்க்கும்போதெல்லாம் நம்ம கருப்பி ஞாபகம்.

மட்ஃபோர்ட் என்று பக்கத்தில் ஒரு மணல்திட்டு. அங்கே இருக்கிற கொட்டகைகளில் மார்ச் முதல் அக்டோபர் வரை ராத்திரி தங்க அனுமதி உண்டு. உள்ளே தண்ணீர்க் குழாய் கிடையாது, கழிப்பறைக்கு வெளியேதான் போக வேண்டும். விலை சொல்கிறேன், திண்ணையைப் பிடித்துக்கொள்: மூன்று லட்சம் பவுண்டுக்கும் மேல். நம் பணத்தில் மூன்று கோடிக்கும் மேல்! அண்ணனிடம் சொல், அப்பாவின் கொட்டகையை அப்படியே பெயர்த்துக் கப்பலில் அனுப்பச் சொல்.

பாட்டியின் கொட்டகைக்கு இந்த மாதம் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. நம்பிச் சாவி ஒன்று கொடுத்து வைத்திருக்கிறார்.

பாப்பா, அடுத்த பத்தியைச் சத்தமாகப் படிக்காதே. தாண்டிப் போ.

பிப்ரவரியில் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது கொட்டுமழை. அறையில் அன்று கட்டில் என் முறை இல்லை. அது கிடக்கட்டும். கொட்டகையைத் திறந்து உட்கார்ந்தேன். தங்கக் கூடாது என்றுதானே சட்டம், உட்காரக் கூடாது என்று இல்லையே. இங்கே மணி பத்து என்றால் அங்கே மூன்றரை. அப்பா வாசலில் நின்று காற்றுப் பார்க்கிற நேரம். அலைச் சத்தம் அப்படியே நம் கடல்தான், கண்ணை மூடினால் வித்தியாசம் தெரியாது. ஆனால் வாடையே இல்லை. கருவாட்டு வாடை, டீசல் வாடை, ஈர வலையின் வாடை, ஒன்றும் இல்லாமல் சுத்தமாய்க் கழுவி வைத்த மாதிரி ஒரு கடல். யாராவது "ஏய், எந்திரிடா, படகு தள்ளணும்" என்று காலைத் தட்டி எழுப்ப மாட்டார்களா என்றிருந்தது. அடுப்பில் கெட்டில் தண்ணீர் வற்றியதுகூடத் தெரியாமல் விடிகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

இனிமேல் சத்தமாகப் படி.

நீ கேட்ட வலைக் கொட்டகை விஷயம். சித்தப்பா இடம் தன்னுடையது என்கிறார், அண்ணன் கோபத்தில் சிமென்ட் தளம் போடப்போகிறான் என்று எழுதியிருந்தாய். தளம் கிளம் போட வேண்டாம். அது புறம்போக்கு, யாருக்கும் பட்டா இல்லை. கான்கிரீட்டைப் பார்த்தால் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வருவார்கள், ரெண்டு பேருக்கும் இல்லாமல் போகும். சித்தப்பாவோடு வாய் வளர்க்காதே. நாட்டாரிடம் அப்பாவை நேரில் போகச் சொல். அப்பா வலை அங்கே இருக்கிறவரை இடம் அப்பாவுக்கு என்று ஊர் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். சித்தப்பா படகுச் சாமானை ஒரு மூலையில் வைத்துக்கொள்ளட்டும், அதையும் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டதால்தான் இவ்வளவும்.

சுனாமி நகர் வீட்டுப் பட்டாவில் உன் பெயரும் இருக்கிறதா என்று அக்காவை விட்டுப் பார்க்கச் சொல். ஏப்ரல் 15க்குத் தடைக்காலம் வந்துவிடும், 61 நாள் படகு கரையில்தான். அதற்குள் எஞ்சின் மாமாவிடம் எஞ்சினைக் காட்டிவிடச் சொல். நிவாரணத்துக்கு அப்பா பாஸ்புக் சரியாக இருக்கிறதா பார்.

இந்த மாதப் பணம் கொஞ்சம் தாமதமாகும். பேங்கில் ஏதோ மாற்றுகிறார்களாம். மேலத்தெரு வட்டியை ஏப்ரலில் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிவை, அவர் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்தான். வலைக் கொட்டகைச் சாவியை அண்ணனிடமும் கொடுக்காதே, சித்தப்பாவிடமும் கொடுக்காதே, உன் முந்தானையிலேயே முடிந்து வை.

இப்படிக்கு,
உன் சின்ன மகன்

பி.கு.: வட்டிக்காகக் கருப்பியை விற்கப்போவதாகப் பாப்பா கடைசியில் பென்சிலில் எழுதியிருந்தாள். விற்காதே. பணம் வந்துவிடும்.